மூன்று வீடும் ஒரு பிள்ளையும்

கல்லாற்றங்கரை மடத்தில் அன்று மூத்த சீடர் திருமேனிக்குச் சோறு இறங்கவில்லை. இலையில் இட்டது இட்டபடியே இருந்தது. சமையல்கட்டுப் பெண்கள் அதைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். இந்த மனுஷன் சோற்றை மிச்சம் வைத்தால் மழை கொட்டப்போகிறது என்றாள் ஒருத்தி.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பிள்ளையை எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது.

போன கார்த்திகை வெள்ளத்தில் ஆற்றின் மேல்கரையில் ஒரு ஊரே போயிற்று. தண்ணீர் வடிந்தபின் மடத்து ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். இடிந்த வீடு ஒன்றின் பரண்மேல் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயது இருக்கலாம். அழவில்லை, பேசவும் இல்லை. திருமேனிதான் தோளில் தூக்கி வந்தார். இன்றுவரை அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பேர் வைக்கலாமா என்று கேட்டபோது மடத்தின் குரு வடிவம்மை வேண்டாம் என்றுவிட்டார்.

"அவளுக்குப் பேரு ஏற்கெனவே இருக்கும். சொல்லுதப்போ சொல்லட்டும்."

வடிவம்மை திருமேனியைவிடப் பத்து வயதாவது இளையவர். நரைத்த தலையோடு இவர் அந்தப் பெண்மணி முன்னால் கைகட்டி நிற்பதைப் பார்த்து ஊர் முதலில் சிரித்தது. அப்புறம் ஊருக்குப் பழகிவிட்டது. மடத்துக்கு வருமுன் திருமேனி களத்தில் நெல் அளக்கும் வேலை பார்த்தவர். அவர் மரக்காலைக் கையில் எடுத்தால் கொடுப்பவரும் மறுபேச்சுப் பேசமாட்டார், வாங்குபவரும் பேசமாட்டார். அந்த நேர்மைக்காகத்தான் அம்மை இந்தப் பொறுப்பைக் கொடுத்தார் என்று மடத்தில் பேச்சு. திருமேனியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளையைக் கேட்டு மூன்று குடும்பங்கள் வந்து மடத்துச் சத்திரத்தில் தங்கியிருந்தன. நல்லகண்ணு செட்டியாரும் அவர் மனைவி சௌந்தரமும் சொந்தமாக எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர்கள். பாலுக்கும் நெய்க்கும் குறைவில்லாத வீடு. வைத்தியர் சுந்தரலிங்கமும் அவர் மனைவி கோமளமும் படித்தவர்கள். சத்தமாக ஒரு சொல் பேசத் தெரியாதவர்கள். இந்த இரண்டு வீட்டிலும் பிள்ளை இல்லை.

மூன்றாவது குடும்பம் பித்தளைப் பாத்திரம் அடிக்கும் உலகநாத ஆசாரியும் அவர் மனைவி பிச்சம்மாளும். அவர்களுக்கு ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள். இதில் ஆறாவது எதற்கு என்று திருமேனி வாய்விட்டே கேட்டுவிட்டார். "அஞ்சுக்கு வைக்கிற உலையில ஆறாவதுக்கு இடம் இருக்காதாய்யா?" என்று பிச்சம்மாள் திருப்பிக் கேட்டாள்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பலவற்றில் ஒன்றைத் தேர வேண்டுமென்றால், ஒவ்வொன்றுக்கும் ஒரு தேங்காய்ச் சிரட்டை வைப்பார்கள். பார்க்க வேண்டிய குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்தக் குணம் எங்கே எவ்வளவு இருக்கிறதோ அதற்குத் தக்கபடி அந்தச் சிரட்டையில் புளியமுத்துப் போடுவார்கள். முதலில் நிறைந்து வழிகிற சிரட்டைதான் முடிவு. மடத்துக் கிணற்றுக்கு இடம் பார்த்ததும் இப்படித்தான். அந்தக் கிணற்றுத் தண்ணீர் இன்றைக்கும் இளநீராக இருக்கிறது.

திருமேனி மூன்று சிரட்டைகளையும் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வடிவம்மையிடம் போனார். அம்மை மாமரத்தடியில் உட்கார்ந்து கிழிந்த சாக்கு ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, முடியல."

"எது முடியல?"

"செட்டியார் சிரட்டையும் வைத்தியர் சிரட்டையும் சரிசமமா நிக்கு. ஒரு முத்து கூடவும் மாட்டேங்கு, குறையவும் மாட்டேங்கு. சாப்பாட்டுல செட்டியார் வீடு ஏறுது. படிப்புல வைத்தியர் வீடு ஏறுது. புதுசா ஒரு குணத்தைச் சேத்தா அதுலயும் போய்ச் சமமா நிக்கு. எல்லாரும் ஊருக்குப் போகணும்னு அவசரப்படுதாக. நாளைக்கு விடிஞ்சா வண்டி கட்டிருவாக."

வடிவம்மை ஊசியை நிறுத்தாமல் தட்டை எட்டிப் பார்த்தார்.

"மூணாவது சிரட்டை ஏன் காலியா கிடக்கு?"

"காலி இல்லம்மா. அடியில கொஞ்சம் கிடக்கு. கூட விளையாடப் பிள்ளைகள் இருக்குன்னு அதுக்குப் போட்டேன்."

"மத்ததுக்கு?"

"மத்ததுக்கு என்னத்தைப் போட? விடியுததுக்கு முன்னால சுத்தியல் எடுத்தா இருட்டுத வரைக்கும் டங்கு டங்குன்னு அடிதான். அதுக்கு மேல அந்த அஞ்சும் போடுத கூப்பாடு. வீட்டுல அமைதி வேணும்னு ஒரு குணம் வச்சேன். அதுல வைத்தியருக்கு ஒரு கை முத்து, செட்டியாருக்குப் பாதி. ஆசாரிக்கு ஒண்ணுமில்ல."

"சரி."

"என்ன செய்யன்னு சொல்லுங்கம்மா."

"மத்தியானம் ஆச்சு. போய்ப் பிள்ளையைத் தூங்க வச்சிட்டு வாரும். அப்புறம் பேசுவோம்."

திருமேனிக்குச் சுருக்கென்றது. தலைபோகிற காரியத்தைக் கேட்டால் தாலாட்டப் போகச் சொல்கிறார்களே என்று நினைத்தார். ஆனால் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. போனார்.

பிள்ளைக்கென்று நந்தவனத்துப் பக்கம் ஓர் அறையை அவரே ஒழித்துக் கொடுத்திருந்தார். மடத்திலேயே அமைதியான அறை அதுதான். பாயை உதறிப் போட்டுப் பிள்ளையைப் படுக்க வைத்தார். வெளியே ஆசாரி மடத்து அண்டாவை வைத்து அடித்துக்கொண்டிருந்தார். அண்டா எப்போதோ நெளிந்துபோனது. சத்திரத்தில் சும்மா இருப்பானேன் என்று அவராகவே எடுத்துச் சரி பண்ண உட்கார்ந்துவிட்டார்.

திருமேனி எழுந்து போய், "ஆசாரி, கொஞ்ச நேரம் நிறுத்தும். பிள்ளை தூங்கணும்" என்றார்.

"அதுக்கென்ன, நிறுத்திட்டாப் போச்சு" என்று ஆசாரி சுத்தியலைக் கீழே வைத்தார். தன் பிள்ளைகளையும் வாயைப் பொத்தச் சொன்னார். திருமேனி திரும்பி வரும் வழியில் வேம்பில் இருந்த காக்கையையும் ஒரு கல்லெறிந்து விரட்டினார். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

பிள்ளையின் கண் மூடவில்லை. அவர் முதுகில் தட்டத் தட்ட அவள் உடம்பு விறைத்தது. கூரையின் உத்தரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். கை இரண்டும் பாயின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தன. திருமேனி தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் மெல்ல முணுமுணுத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. தொண்டைதான் வறண்டது.

தண்ணீர் குடித்துவிட்டு வரலாமென்று சமையல்கட்டுக்குப் போனார். இவர் அந்தப் பக்கம் போவதைப் பார்த்த ஆசாரி, பிள்ளை தூங்கிவிட்டது, வேலையை ஆரம்பிக்கலாம் என்று எண்ணிக்கொண்டு மறுபடி சுத்தியலை எடுத்தார். டங், டங் என்று மடமே அதிர்ந்தது.

திருமேனி வாயில் வைத்த செம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அறையில் பாய் மட்டும் கிடந்தது. பிள்ளையைக் காணோம்.

நந்தவனத்தில் தேடினார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். அங்கும் இல்லை. கடைசியில் ஆசாரியிடம் கேட்கலாமென்று சத்திரத்து வாசலுக்கு வந்தார்.

அங்கே அண்டாவுக்குப் பக்கத்தில், சுத்தியல் விழும் இடத்துக்கு இரண்டு முழம் தள்ளி, ஆசாரியின் ஈரத்துண்டை விரித்துப் படுத்துப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆசாரியின் கடைக்குட்டி அவள் கால்மேல் கால் போட்டுக் கிடந்தான். ஒவ்வோர் அடிக்கும் தரை அதிர்ந்தது. பிள்ளை அசையவில்லை.

"இங்கதான் வருவாய்யா" என்றார் ஆசாரி. "நாங்க வந்த நாள்லேருந்து மத்தியானம் இங்கதான். உமக்குத் தெரியாதா?"

திருமேனிக்குத் தெரியாது. மூன்று வீட்டுக்காரர்களையும் அவர் பிடித்து உட்காரவைத்துத் துருவித் துருவிக் கேட்டிருந்தார். செட்டியார் வீட்டுப் பசு எத்தனை படி கறக்கும் என்பது வரைக்கும் தெரியும். பிள்ளை மத்தியானத்தில் எங்கே தூங்குகிறாள் என்று தெரியாது.

அப்போதுதான் அந்தப் பரண் அவர் நினைவுக்கு வந்தது. அவர் அவளைத் தூக்க ஏறிய அன்று அந்த ஊரில் ஒரு நாய் குரைக்கவில்லை, ஒரு சேவல் கூவவில்லை. சேற்றில் தன் கால் புதைந்து எழும் ஓசை தவிர வேறொன்றும் இல்லை. வளர்ந்த ஆள், அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது. அந்த அமைதிக்குள் பிள்ளை தனியாக எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ. அதே அமைதியைத்தான் இவர் பாடுபட்டு உண்டாக்கி, அதற்குள் அவளைப் படுக்கப்போட்டிருக்கிறார். திருமேனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் திரும்பி மாமரத்தடிக்கு வந்தபோது வடிவம்மை சாக்கைத் தைத்து முடித்திருந்தார்.

"தூங்கிட்டாளா?"

"தூங்கிட்டா. ஆசாரி சுத்தியலுக்குப் பக்கத்துல."

"ம்."

"அமைதிக்குப் போட்ட முத்தை மாத்திப் போடணும்மா."

"போடும்."

அவர் வைத்தியர் சிரட்டையிலிருந்து ஒரு கையும் செட்டியார் சிரட்டையிலிருந்து பாதிக் கையும் எடுத்து, இரண்டையும் சேர்த்து ஆசாரி சிரட்டையில் போட்டார். பிறகு அளவுக்காரருக்கே உரிய கண்ணோடு குனிந்து பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"என்ன?"

"இப்போ மூணும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் நிக்கு."

வடிவம்மை வாய்விட்டுச் சிரித்தார். திருமேனிக்குக் கோபமே வந்தது. தாம் இங்கே உயிரை விடுகிறோம், இவர்களுக்குச் சிரிப்பு.

"சரி, கோவிச்சுக்காதேயும். எந்தக் குணத்துக்கு நிறைய முத்துப் போட்டீர்?"

"சாப்பாட்டுக்கு. மத்ததுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கைக்கு மேல போகல. அதுக்கு மட்டும் செட்டியாருக்கு ரெண்டு கையும் அள்ளிப் போட்டேன்."

"ஏன் அதுக்கு மட்டும்?"

"பிள்ளைக்குச் சோறு முக்கியம் இல்லையாம்மா?"

"முக்கியம்தான். பிள்ளை இங்க வந்த பிறகு என்னைக்காவது சோத்தை அள்ளி அள்ளித் தின்னு பாத்தீரா?"

திருமேனி யோசித்தார். "இல்ல. கொடுத்தா திம்பா. இல்லன்னா இல்ல."

"அப்போ யாரு பசி அது?"

திருமேனி ஒரு முத்தை எடுத்து விரலிடுக்கில் உருட்டினார். வடிவம்மை அவசரப்படுத்தவில்லை. தைத்த சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க அய்யா செத்த பிறகு நான் மாமன் வீட்டுல வளந்தேன்" என்றார் திருமேனி. "அவுகளுக்கு நிறைய வயக்காடு. முத்தத்துல நெல்லு அம்பாரமா கிடக்கும். எல்லாரும் சாப்பிட உக்காருவாக. நான் நிலைப்படியைப் பிடிச்சிட்டு நிப்பேன். கூப்பிட்டாத்தான் போவேன். பாதி நாளு கூப்பிட மறந்துருவாக."

"கெட்டவங்களா?"

"ஐயோ, இல்லம்மா. நல்லவுகதான். மறந்துருவாக, அவ்வளவுதான்."

"எனக்கும் போடுங்கன்னு கேக்க வேண்டியதுதானே?"

"எப்படிம்மா கேப்பேன்? அது அவுக வீடு."

இதைச் சொல்லும்போது நரைத்த தலைக்காரரின் குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது. அவர் வெட்கப்பட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அந்த வீட்டுல நெல்லுக்குக் குறைவு இருந்துச்சா திருமேனி?"

"இல்ல."

அவ்வளவுதான் கேட்டார் வடிவம்மை. திருமேனி செட்டியார் சிரட்டையைப் பார்த்தார். இரண்டு கை முத்து. அதை எடுக்கவும் கை வரவில்லை, வைக்கவும் மனம் வரவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லுதேன். இதை எடுத்துட்டாலும் எனக்குப் பயம் போகல. பிச்சம்மா சத்திரத்துல சாப்பாடு போடுததை நான் பாத்தேன். அங்க தட்டைப் போட்டுப் பேரு சொல்லிக் கூப்பிடுத வழக்கம் இல்ல. எவன் சத்தம் போடுதானோ அவன் கைக்குப் போகும். சத்தம் போடாதவனுக்குப் பானையைச் சுரண்டினதுதான். இவளோ வாயே திறக்க மாட்டேங்கா. அங்க போயும் நிலைப்படியைப் பிடிச்சிட்டு நின்னா என்ன செய்ய?"

அந்தக் கேள்வி வடிவம்மைக்கும் கனத்ததுபோலத்தான் இருந்தது. சாக்கை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார்.

"அது நியாயமான பயம். வாரும், பிள்ளை முழிச்சிருப்பா."

இரண்டு பேரும் சத்திரத்துக்கு நடந்தார்கள். வாசலில் செட்டியார் மனைவி சௌந்தரமும் வைத்தியர் மனைவி கோமளமும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஆசாரி இன்னும் அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பிச்சம்மாள் ஒரு சில்லுக் கருப்பட்டியைக் கல்லில் வைத்து உடைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து பிள்ளைகளும் அவளை மொய்த்துக்கொண்டு கத்தின.

"எனக்கு!"

"அம்மா, எனக்கு பெருசு!"

"அவன் ரெண்டு வாங்கிட்டான், எனக்கு!"

"சவத்த, காது போச்சு. இந்தா. ஏல, தள்ளி நில்லு. இந்தா."

பிள்ளை விழித்து எழுந்து அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றாள். பிச்சம்மாளின் கண் அவள்மேல் படவில்லை. துண்டுகள் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்தன.

திருமேனிக்குப் பொறுக்கவில்லை. "ஏ பிச்சம்மா, அந்தப் பிள்ளைக்கும் ஒண்ணு" என்று சொல்ல வாயெடுத்தார்.

வடிவம்மை குறுக்கே கையை நீட்டினார். "இரும்."

"அம்மா, தீந்துரும்."

"இரும்னேன்ல."

திருமேனியின் கை அவரை அறியாமல் சத்திரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டது. பிள்ளை ஒரு அடி முன்னால் வைத்தாள். கடைக்குட்டி தன் துண்டை வாயில் அதக்கிக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவன் வாயைப் பார்த்தாள். பிச்சம்மாளின் கையைப் பார்த்தாள். கல்மேல் இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. மூத்தவன் மறுபடி கையை நீட்டினான்.

பிள்ளையின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. முதலில் காற்றுதான் வந்தது.

"எனக்கு!"

சுத்தியலைவிடக் கூரிய குரல். வெகுநாள் திறக்காத கதவுபோலக் கரகரத்து வந்தது. ஆசாரி சுத்தியலை ஓங்கியபடி நின்றுவிட்டார். சௌந்தரத்தின் மடியிலிருந்து கீரை சிதறியது.

ஆச்சரியப்படாதவள் பிச்சம்மாள் ஒருத்திதான். அவளுக்கு யார் கத்தினார்கள் என்று பார்க்க நேரமில்லை.

"உனக்கு இல்லாமயா? இந்தா பிடி" என்று ஒரு துண்டைக் கொடுத்தாள். கொடுத்தபின்தான் அது யார் கை என்று பார்த்தாள். பார்த்ததும் உடைக்கிற கல்லைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையை இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டாள். பிள்ளை அவள் பிடியிலிருந்து தலையை மட்டும் வெளியே எடுத்துக் கருப்பட்டியைக் கடித்தாள். மூத்தவன், "அவளுதுதான் பெருசு" என்று அழ ஆரம்பித்தான்.

"எனக்கு!" என்றாள் பிள்ளை மறுபடியும், துண்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு.

சௌந்தரம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வலித்தது, அதையும் அவள் மறைக்கவில்லை. "அங்கயே இருக்கட்டும்மா" என்றாள் வடிவம்மையைப் பார்த்து. "மாசத்துக்கு ஒருக்கா நான் எண்ணெய் கொண்டாந்து தலைக்குத் தேய்ச்சுவிட்டுட்டுப் போறேன். அதுக்காவது விடச் சொல்லுங்க."

"என்னக்கா இப்படிக் கேக்கிய" என்றாள் பிச்சம்மாள். "ஆறு தலை இருக்கு. நீங்க எல்லாத்துக்கும் தேச்சுவிட்டா நான் சாமியா கும்பிடுவேன்."

கோமளம் எழுந்து வந்து பிள்ளையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போய், சிதறிய கீரையைப் பொறுக்க உட்கார்ந்தாள். ஆசாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தேவைக்கு மேல் பலமாக அண்டாவை அடித்தார்.

திருமேனி தூணைப் பிடித்தபடியே நின்றார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடியில் இறங்கியது. சந்தோஷம்தான். ஆனால் அது மட்டும் இல்லை.

"அம்மா."

"சொல்லும்."

"அஞ்சு வயசுல இவ கேட்டுட்டா. நான் இந்த வயசு வரைக்கும் அந்தச் சொல்லை யார்கிட்டயும் சொன்னதில்ல."

வடிவம்மை பிச்சம்மாளின் கல்லை எட்டிப் பார்த்தார்.

"ஓடும். கருப்பட்டி இன்னும் மிச்சம் இருக்கு."